அகலமே பிடிப்பு என்னும் வாதம்

வேகத்துக்கென்றே செய்யப்பட்ட மோட்டார் காரை வைத்திருப்போரிடையே, குளிர்நாடுகளில் ஓர் அபிப்பிராயம் வேரூன்றி, டயர்க் கடைகளின் மேசைமுன் இலையுதிர்காலந்தோறும் உச்சரிக்கப்பட்டு, இப்பொழுது சித்தாந்தம் என்னும் அந்தஸ்தையே அடைந்துவிட்டது. சுருங்கச் சொன்னால் அது இதுவே: கோடையில் கார் எந்த அகலமுள்ள டயரில் ஓடுகிறதோ, அதே அகலத்திலேயே பனிக்கால டயரையும் வாங்க வேண்டும், கையில் காசிருந்தால் இன்னும் சற்று அகலமாகவே வாங்கலாம், ரிம்மின் விட்டத்தைக் குறைப்பதோ காரையே அவமதிப்பதாகும். இந்தச் சித்தாந்தம் தவறு என்பதே என் கட்சி.

எதிர்க்கட்சியின் வழக்கை அரைகுறையாகச் சொல்லிவிட்டு அந்த அரைகுறையை வெட்டி வீழ்த்துவது மறுப்பாகாது. ஆதலின் அவர்கள் சொல்லும் நியாயங்களை அவற்றின் முழு வலிமையோடு முதலில் எடுத்துரைக்கிறேன். அகலமான டயர் சாலையில் மிகுதியான ரப்பரைப் பதிக்கிறது, மிகுதியான ரப்பர் மிகுதியான பிடிப்பைத் தருகிறது என்பது அவர்களுடைய மூல நியாயம். அந்த அளவைத் தேர்ந்தவர்கள் காரை வடிவமைத்த பொறியியலாளர்கள், அவர்களைவிட நாம் அறிந்தவர்களா என்பது இரண்டாவது. பெரிய ரிம்மும் குட்டையான பக்கச்சுவருமே ஸ்டியரிங்கின் சொற்கேட்கும் தன்மையைக் காக்கின்றன என்பது மூன்றாவது. நான்காவதுதான் அவர்களுடைய நியாயங்களுள் மிகக் கனமானது: டொராண்டோ போன்ற நகரத்தில் குளிர்காலத்தின் பெரும்பாலான நாட்களில் சாலையில் பனியே இருப்பதில்லை, உப்புத் தூவி உழுது துடைத்த தார்ச்சாலைதான் இருக்கிறது, என்றோ ஒரு நாள் பெய்யும் பனிக்காக எல்லா நாட்களிலும் பிடிப்பை இழப்பது புத்திசாலித்தனமா? இவற்றோடு, வெறுந்தார்ச்சாலையில், அது உலர்ந்திருந்தாலும் லேசாக நனைந்திருந்தாலும், அகலமான டயர் குறைந்த தூரத்தில் நிற்கும் என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். அது உண்மை, அதை மறுப்பவன் என் கட்சிக்காரன் அல்லன்.

வாதம் ஆகாயத்தில் நடவாதிருக்கும் பொருட்டு ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 2017இல் கனடாவுக்கு வந்த ஹோண்டா சிவிக் டைப்-ஆர், 306 குதிரைத் திறன் முழுவதையும் முன்சக்கரங்கள் இரண்டின் வழியாகவே சாலைக்குச் செலுத்துவது. ஏறக்குறைய 1,400 கிலோ எடை. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போதே அதன் கால்களில் இருப்பவை 245/30 ஆர்20 அளவுள்ள கோடை டயர்கள். அதாவது 245 மில்லிமீட்டர் அகலம், அந்த அகலத்தில் நூற்றுக்கு 30 பங்கு உயரமுள்ள பக்கச்சுவர், 20 அங்குல ரிம். டொராண்டோவிலும் மொன்ட்ரியாலிலும் இந்தக் காரை ஆசையோடு வாங்கிய நம் தமிழ் இளைஞர்களும் உளர். முதற் பனி பெய்வதற்குமுன் அவர்கள் செய்ய வேண்டிய தேர்வைப் பற்றியதே இவ்விவாதம்.

1. அகலம் கூடினால் தொடுபரப்பு கூடும் என்பது பிரத்தியட்சம்போல் தோன்றும் ஒரு பிரமை.

டயரைத் தூக்கி நிறுத்துவது ரப்பரன்று, உள்ளே அடைபட்ட காற்று. ஆகையால் சாலையைத் தொடும் பரப்பை நிர்ணயிப்பவை, பெரும்பான்மையும், அச்சக்கரத்தின்மேல் விழும் எடையும் உள்ளிருக்கும் காற்றழுத்தமுமே. டைப்-ஆரின் முன்சக்கரம் ஒன்றின்மேல் ஏறக்குறைய 440 கிலோ சுமை விழுகிறது என்றும், உள்ளே சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ அழுத்தம் இருக்கிறது என்றும் கொண்டால், தொடுபரப்பு 180 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று முன்பின்னாக வருகிறது. டயரை 245 ஆக்கினாலும் 225 ஆக்கினாலும் இக்கணக்கில் அந்த 180 மாறுவதில்லை; மாறுவது அதன் வடிவமே. உண்மையாகத் தரையைத் தொடும் அகலம் 22 சென்டிமீட்டரானால் நீளம் எட்டுக்குச் சற்று மேல். அகலம் 20 ஆனால் நீளம் ஒன்பது. டயரின் உடற்கட்டுக்கும் ஒரு விறைப்பு உண்டாதலின் இக்கணக்கு அணுவளவும் பிசகாதது என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அகலத்தோடு பரப்பும் அதே வீதத்தில் வளர்கிறது என்று கடைக்காரர் கையை விரித்துக் காட்டும் கணக்கைவிட இது உண்மைக்கு எவ்வளவோ அண்மையானது.

அப்படியானால் பந்தயக் கார்களுக்கு அகலமான டயர் எதற்கு என்று உடனே கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அகன்று குறுகிய தொடுபரப்பு வளைவில் பக்கவாட்டு விசையைச் செம்மையாகத் தாங்குகிறது. உராய்வில் பிறக்கும் சூட்டை மிகுதியான ரப்பரிடையே பகிர்ந்தளிக்கிறது. அதனால் மென்மையான ரப்பரை இட முடிகிறது. இவை யாவும் சூடான, உலர்ந்த தார்மேல் ரப்பர் ஒட்டிப் பிடிக்கும் உலகத்து நியாயங்கள். சுழியத்துக்குக் கீழே பத்துப் பாகை குளிரில், டயர் சூடேறிவிடுமோ என்று யார் அஞ்சுகிறார்?

2. பனி என்பது வழுக்கும் தார்ச்சாலை அன்று. அது வேறொரு பொருள்.

எதிர்க்கட்சியின் சிந்தனை முழுவதிலும் ஊடுருவி நிற்கும் பிழை இதுவே. தார்மேல் ரப்பர் ஒட்டிப் பிடிக்கிறது. பனிமேலோ, டயரின் பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் பனி புகுந்து இறுகி, இறுகிய அப்பனி தரையிலுள்ள பனியோடு கவ்விக்கொண்டு, அக்கவ்வலை அறுக்க முயலும்போது எழும் எதிர்ப்பே பெரும்பாலும் பிடிப்பாக அமைகிறது. குளிர்கால டயரில் ஆழமான பள்ளங்களும், ஒவ்வொரு பட்டனிலும் கத்தியால் கீறினாற்போன்ற எண்ணற்ற நுண்கீறல்களும் இருப்பதன் காரணம் இதுதான். இந்தச் செயலுக்கு நீண்ட தொடுபரப்பு அனுகூலமானது. ஏனெனில் முதல் வரிசைப் பட்டன்கள் பனியை அமுக்கித் தளர்ந்ததை ஒதுக்கிச் சென்ற தடத்திலேயே பின்வரும் வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கவ்வுகின்றன.

இனிப் பனி ஆழமாக இருக்கும்போது நிகழ்வதைப் பார்ப்போம். சக்கரம் முன்னேற வேண்டுமானால் தனக்கு எதிரேயுள்ள பனியை அமுக்கவோ விலக்கவோ வேண்டும். அவ்வாறு விலக்க வேண்டிய பனியின் அளவு சக்கரத்தின் அகலத்தோடு கூடவே கூடுகிறது. உழவு தெரிந்த நம்மவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை: சேற்று வயலில் கொழு செல்வது ஒரு பாடு, பரம்புப் பலகையை இழுப்பது வேறொரு பாடு. பாதி உருகிக் கூழாய்க் கிடக்கும் பனிச்சேற்றில் இவ்வேற்றுமை அபாயமாகவே மாறுகிறது. அச்சேறு பள்ளங்களின் வழியே வெளியேறுவதற்குள் டயர் அதன்மேல் ஏறிவிட்டால், நெடுஞ்சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் கைக்குள் திடீரென எடையற்றதாகிவிடும். வெளியேற வேண்டிய தூரம் குறைவாக இருப்பதனாலேயே ஒடுங்கிய டயர் அந்நிலையைச் சற்றுப் பிந்தி அடைகிறது. லாரிகள் வாரி ஒதுக்கிய பனிச்சேற்று வரம்பைத் தாண்டித் தடம் மாறும் அந்த ஓரிரு நொடிகளே கனடிய நெடுஞ்சாலைகளில் வாகனமோட்டியின் நெஞ்சு உலரும் நொடிகள். அகலத்தை அளந்து பார்க்க வேண்டியது அங்கேதான்.

இங்கே பனிக்காலணியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள்: அகன்ற காலணி அணிந்தவன் பனியில் புதைவதில்லையே, அகன்ற டயரும் அவ்வாறே மிதக்காதோ என்பது அவர்கள் யுக்தி. யுக்தி அழகியதே, இடந்தான் தவறு. ஐஸ்லாந்தின் பனியாறுகளின்மேல் ஜீப்புகள் பூதாகாரமான டயர்களிலிருந்து காற்றைப் பெரும்பாலும் இறக்கிவிட்டு மிதந்து செல்வது உண்மையே. அங்கே அடியில் பிடித்து நிற்கக் கெட்டித் தரை என்பது எட்டும் ஆழத்தில் இல்லை, ஆகவே மிதப்பதைத் தவிர வழியில்லை. நகரத்துச் சாலையிலோ நான்கு விரற்கடைக்குக் கீழே கெட்டித் தரை காத்திருக்கிறது; அதை எட்டுவதே லாபம், மிதப்பதே நஷ்டம். அன்றியும் 35 பவுண்டு காற்றழுத்தமும் 73 மில்லிமீட்டர் பக்கச்சுவரும் உடைய டயர், புதையாமல் மிதக்கவும் மாட்டாது, ஆழ்ந்து தரையைத் தொடவும் மாட்டாது. இரண்டு உலகங்களின் நன்மையையும் இழந்து நடுவில் திண்டாடும்.

தொழில்முறைச் சான்று வேண்டுவோர் உலக ரேலிப் பந்தயங்களைப் பார்க்கட்டும். தார்ச்சாலைப் பந்தயத்துக்கு 18 அங்குல ரிம்மில் அகன்ற டயரைப் பூட்டும் அதே கார்கள், ஸ்வீடன் நாட்டுப் பனிப் பந்தயத்தில் 15 அங்குல ரிம்மில் ஒடுங்கி உயர்ந்த, ஆணி பதித்த டயரில் ஓடுகின்றன. அங்கே ஆணியன்றோ வேலை செய்கிறது என்று ஆட்சேபிக்கலாம். ஆம், ஆனால் அந்த ஆணிகள் மேற்பனியைக் கிழித்துக்கொண்டு அடியிலுள்ள உறைபனியில் இறங்க வேண்டும், இறங்குவதற்கு ஒடுங்கிய டயரே உதவும் என்பதனால்தான் ஒடுக்கினார்கள். பின்லாந்தின் நோக்கியா ஊரில் 1934இல் லாரிகளுக்கெனச் செய்யப்பட்ட முதற் குளிர்கால டயரும் ஒடுங்கியதே என்று எங்கள் பக்கத்தார் சிலர் முழங்குவதுண்டு. அதை நான் சான்றாகக் கொள்ளமாட்டேன். அக்காலத்து டயர்கள் எல்லாமே ஒடுங்கியவைதாம்.

மெருகேறிய வெற்று உறைபனியின்மேலும், வண்டிகள் ஓடி ஓடிக் கல்லாய் இறுகிய பனியின்மேலும், இருபது மில்லிமீட்டர் அகலம் பெரிய வேற்றுமை எதையும் செய்வதில்லை. அங்கே ரப்பரின் தன்மையே பேசும். ஆகவே ஒடுங்கிய டயர் எங்கும் எப்போதும் வெல்லும் என்று யாரேனும் சொன்னால் அவரையும் நம்ப வேண்டாம். இளம்பனியும் பனிச்சேறுமே அது வெல்லும் களங்கள். நகரத்தில் வண்டிகள் பெரும்பாலும் தடுமாறுவதும் அவ்விரண்டில்தான்.

3. பொறியியலாளர்களை மேற்கோள் காட்டுவோர் அவர்கள் சொன்னதைப் பாதியே படித்திருக்கிறார்கள்.

245/30 ஆர்20 என்ற அளவைத் தேர்ந்தவர்கள், அதைக் கோடை டயராகவே தேர்ந்தார்கள். பாகைமானி ஏழுக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் அந்த ரப்பர் விறைக்கத் தொடங்குகிறது. ஆகையால் அந்த டயரைக் கழற்றிவிட வேண்டும் என்பதில் எதிர்க்கட்சியாருக்கும் விவாதமில்லை. டயரை மாற்றலாம், ஆனால் அதன் அளவு மட்டும் தெய்வ வாக்கு என்பது எவ்வகைத் தர்க்கம்? அளவு என்பது அந்த ரப்பரோடும் அந்தப் பருவத்தோடும் சேர்த்துச் செய்யப்பட்ட ஒரு தீர்மானத்தின் பகுதியேயன்றித் தனித்து நிற்கும் விதியன்று. ஜெர்மானிய உற்பத்தியாளர்கள் தங்கள் வேகக் கார்களுக்குத் தாங்களே விற்கும் குளிர்காலச் சக்கரத் தொகுதிகளில் சிறிய ரிம்மையும் குறைந்த அகலத்தையும் தாராளமாகக் காணலாம். அவற்றை அங்கீகரித்தவர்களும் பொறியியலாளர்களே. ஹோண்டாவும் அடுத்த தலைமுறை டைப்-ஆரை 2022இல் வெளியிட்டபோது 20 அங்குல ரிம்மைக் கைவிட்டு 19க்கு இறங்கியது. அகலத்தை 265ஆக ஏற்றியதே என்பீர்கள், ஏற்றியது, கோடைக்காக.

4. ஸ்டியரிங்கின் கூர்மை என்னும் பொக்கிஷத்தைக் காப்பதற்காக ரிம்மையே பலி கொடுக்கிறார்கள்.

இருபது அங்குல ரிம்மைச் சூழ்ந்திருக்கும் பக்கச்சுவரின் உயரம் 73.5 மில்லிமீட்டர். பதினெட்டு அங்குல ரிம்மில் 225/45 டயரை இட்டால் அது 101 மில்லிமீட்டராகிறது. இடையிலுள்ள இந்த 27 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றுமே மொன்ட்ரியாலின் மார்ச் மாதத்துக் குழிகளுக்கும் அலுமினிய ரிம்முக்கும் நடுவில் நிற்கும் மத்தியஸ்தர். சாலையின் வெடிப்புகளில் புகுந்த நீர் உறையும்போது தன் கொள்ளளவில் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் விரிவதும், பகலில் உருகுவதும், இரவில் மீண்டும் உறைவதுமாகத் தார் உடைந்து குழியாகிறது. அக்குழி பனிச்சேற்றால் நிறைந்து சமதரைபோல் கிடக்கிறது. காணாத குழியை விலக்க எவராலும் இயலாது. அத்தோடு, வெப்பம் ஐந்தாறு பாகை இறங்குந்தோறும் டயரின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பவுண்டு இறங்குகிறது. இருபது பாகைச் சூடுள்ள கொட்டகையில் சரிபார்த்துவிட்டுச் சுழியத்துக்குக் கீழே இருபது பாகையில் வண்டியை எடுப்பவர், தம்மை அறியாமலே ஆறேழு பவுண்டு குறைவாக ஓட்டுகிறார். குட்டைப் பக்கச்சுவர், குறைந்த காற்று, காணாத குழி ஆகிய மூன்றும் கூடும்போது ரிம் வளைவதை விதியின்மேல் ஏற்றிப் பேசுவது நியாயமன்று.

விட்டம் மாறினால் வேகமானி பொய் சொல்லும், மின்னணுச் சாதனங்கள் குழம்பும் என்னும் அச்சத்துக்குக் கணக்கே மருந்து. 245/30 ஆர்20 சக்கரத்தின் முழு விட்டம் 655 மில்லிமீட்டர். 225/45 ஆர்18 ஏறக்குறைய 660; வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பலரும் வாங்கும் 235/40 ஆர்18 சக்கரம் 645. அது ஒன்றரைச் சதவீதம் சிறியது, வேகமானி சற்று மிகைப்படுத்தும், அவ்வளவே. ரிம்மை எவ்வளவு குறைக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது மனத்திலுள்ள அழகுணர்ச்சியன்று, பிரேக். இக்காரின் முன் பிரேக் தட்டின் விட்டம் 350 மில்லிமீட்டர், அதாவது பதினான்கு அங்குலத்துக்குச் சற்றே குறைவு. அதைக் கவ்வும் காலிப்பருக்கும் இடம் வேண்டும். தகுந்த வடிவமுள்ள 18 அங்குல ரிம் இடம் தருகிறது. அதற்கும் கீழே இறங்க ஆசைப்படுபவர் காலிப்பருக்கும் ரிம்முக்கும் இடையேயுள்ள இடைவெளியை அளந்த பிறகே பணத்தை எண்ண வேண்டும்.

கூர்மை குறைவது உண்மையா? உண்மையே. ஆனால் ஆழ்ந்த பள்ளமும் நுண்கீறலும் மென்மையும் உடைய குளிர்கால டயரை எந்த அளவில் வாங்கினாலும் அந்தக் கூர்மையின் பெரும்பகுதி அப்போதே போய்விட்டது. போனதற்காக அழுதுகொண்டே, எஞ்சியிருக்கும் சிறுபகுதிக்காக ரிம்மை ஈடு வைப்பது என்ன வியாபாரம்?

5. பெரும்பாலான நாட்களில் பனியில்லை என்பதனால் யாது நிரூபணமாகிறது?

எதிர்க்கட்சியின் கனமான நியாயம் இதுவென்று முன்னரே சொன்னேன். அதை இலேசாகத் தள்ளிவிட எனக்கு உத்தேசமில்லை. நாட்களை எண்ணிப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் நாட்களை எண்ணுவதே தவறான முறை. தார் வெறுமையாய்க் கிடக்கும் நாளில் 225 டயர் தரும் பிடிப்பு, சட்டப்படி ஓட்டும் எவருக்கும் போதியதற்கும் மேலானது. அங்கே இழப்பது, வளைவில் முன்னைப்போல் துள்ள முடியவில்லையே என்னும் சுகக்குறைவும், அவசர நிறுத்தத்தில் சிறிது தூரமும். அச்சிறிது தூரத்தை முன்செல்லும் வண்டியோடு விடும் இடைவெளியால் ஈடுசெய்யலாம். பனிச்சேற்றில் இழக்கும் ஸ்டியரிங்கை எதனால் ஈடுசெய்வது? ஒரு பக்கத்தில் பல நாட்களின் சிறு நஷ்டம், மறுபக்கத்தில் சில நாட்களின் பெருநஷ்டம். இவ்விரண்டையும் எண்ணிக்கை என்னும் ஒரே தராசில் நிறுப்பவர் காப்புறுதி என்னும் ஏற்பாடு உலகில் ஏன் தோன்றியது என்பதையே மறந்தவராவார்.

காப்புறுதி என்றதும் நினைவுக்கு வருகிறது: ஒன்டாரியோவில் 2016 முதல் குளிர்கால டயர் இடுவோருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் சலுகை தரவேண்டும் என்பது நியதி, கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படியே கட்டாயம். எவ்விடத்திலும் அகலத்துக்கென்று தனிச் சலுகை இல்லை. டயரின் பக்கத்தில் மும்முடி மலையும் பனித்துகளும் பொறித்த முத்திரை இருக்கிறதா என்பதே கேள்வி.

6. அழகு.

இருபது அங்குலச் சக்கரம் அழகியது. அந்த அழகை டிசம்பரில் உப்புக் கரைசல் அரிக்கும். மேலும் 20 அங்குலத்தில் குளிர்கால டயர்களின் தேர்வு குறைவு, விலை மிகுதி. 18 அங்குலத்தில் ஏறக்குறைய எல்லா நல்ல தயாரிப்புகளும் கிடைக்கும். அந்த வித்தியாசமே தனி ரிம் வாங்கும் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்துவிடும்.

7. இவ்வளவும் சொன்னதனால், ஒடுங்க ஒடுங்க நன்மை என்று மறுகோடிக்கு ஓடுவோருக்கும் ஒரு வார்த்தை.

டயரின் சுமைக்குறியீடு தொழிற்சாலை டயருடையதைவிடத் தாழக்கூடாது. டைப்-ஆருக்கு அது 90, அதாவது சக்கரத்துக்கு 600 கிலோ. 225/45 ஆர்18 டயர் 91 அல்லது 95 குறியீட்டில் கிடைக்கிறது, ஆதலின் தடையில்லை. ரிம்மின் அகலமும் டயருக்கு ஏற்றதாக வேண்டும்: எட்டு அங்குல ரிம்மில் 225 சரியாக அமரும்; 205ஐ அதன்மேல் இழுத்து ஏற்றினால் பக்கச்சுவர் வெளிப்புறமாகச் சாய்ந்து, குழியில் ரிம்மைக் காப்பதற்குப் பதிலாக ரிம்மையே முன்னே நீட்டிக் காட்டும். முன்சக்கரங்களே இழுக்கின்றன என்பதற்காக முன்னால் இரண்டு மட்டும் மாற்றுவோர், முதல் வளைவில் பின்பாகம் தம்மை முந்திச் செல்வதைக் காண்பார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் சுபாரு வைத்திருப்போர் தமக்கு இவ்விவாதமே இல்லை என்று எண்ண வேண்டாம். புறப்படும்போது நான்கு சக்கரமும் இழுப்பது அவர்களுடைய தனிச்சிறப்பு, நிற்கும்போது எல்லாக் கார்களும் நான்கு சக்கரத்தாலேயே நிற்கின்றன.

முன்னும் பின்னும் வெவ்வேறு அகலமுள்ள கார்களுக்கு இது சற்றுச் சிக்கலாகிறது. 2014இல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்3 காரின் முன்னால் 255, பின்னால் 275. குளிர்காலத்துக்கு நான்கிலும் 255ஐ 18 அங்குல ரிம்மில் இடுவதே தக்கது, சக்கரங்களை இடம்மாற்றிச் சமமாகத் தேய்க்கவும் அது வழிசெய்யும். ஆனால் அதே காரைக் கார்பன்-செராமிக் பிரேக்கோடு வாங்கியவர்களுக்கு அந்தப் பெருந்தட்டின்மேல் 18 அங்குல ரிம் ஏறாது. அவர்கள் 19இலேயே இருக்க வேண்டியதுதான், பின்னால் உள்ள அகலத்தை மட்டுமே அவர்களால் குறைக்க முடியும்.